தோற்கத் தெரிந்த எதிராளி: கணினி விளையாட்டும் செயற்கை நுண்ணறிவும்

பேரப்பிள்ளையுடன் ஆடுபுலி ஆட்டம் ஆடும் பாட்டனாரை நம்மில் பலர் கண்டிருப்போம். திண்ணையிலே கரியால் கோடு கீறி, 3 புலிகளுக்குக் கற்களையும் 15 ஆடுகளுக்குப் புளியங்கொட்டைகளையும் வைத்து ஆட்டம் தொடங்கும். பாட்டனார் நினைத்தால் ஒவ்வொரு முறையும் வென்றுவிடலாம். ஆனால் அவர் அவ்வாறு செய்வதில்லை. எல்லா ஆட்டங்களிலும் தோற்றுக் கொடுப்பதும் இல்லை. அப்படிச் செய்தால் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். பிள்ளையின் திறமைக்குச் சற்று மேலே நின்று, அதன் யோசனைக்கு இடம் விட்டு, சில வேளைகளில் தடுமாறி, சில வேளைகளில் மடக்கிப் பிடித்து அவர் ஆடுவார். பிள்ளை வென்றால் அது தன் திறமையால் வந்த வெற்றி என்றே நம்பும். தோற்றால் இன்னுமோர் ஆட்டம் வேண்டும் என்று கேட்கும்.

கணினி விளையாட்டுகளுக்கான செயற்கை நுண்ணறிவு எனப்படும் துறை முழுவதும் இந்தப் பாட்டனாரின் வேலையைப் பொறியொன்றுக்குக் கற்றுக்கொடுக்கும் முயற்சியே எனலாம். இதனை விளங்கிக்கொள்ளாமல் அத்துறைக்குள் நுழைய விரும்பும் இளைஞர்கள் இன்று எமது நாட்டிலே பெருகி வருகின்றனர். செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லைக் கேட்டதும், அனைத்தையும் அறிந்த, எவராலும் வெல்ல முடியாத ஒரு மூளையே பலரது மனக்கண்ணில் தோன்றுகின்றது. அதனை உருவாக்கப் பெரும் செலவும் பெரிய கணினிகளும் உயர் கணிதமும் வேண்டும் என்று அஞ்சி ஒதுங்குவோர் ஒருபுறம். சில வாரப் பயிற்சியில் அதனைக் கற்றுத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கட்டுவோர் மறுபுறம். இவ்விரு சாராரும் அறிந்திருக்க வேண்டிய சில அடிப்படைகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெல்லும் பொறியும் விளையாடும் பொறியும்

கணினியை விளையாட வைக்கும் முயற்சி கணினியின் வயதை ஒத்தது. 1950 இல் அமெரிக்க அறிஞர் குளோட் ஷனன் கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்வது எவ்வாறு என்று விளக்கி ஆய்வுக்கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆதர் சாமுவேல், ஆட ஆடத் தன்னைத் திருத்திக்கொள்ளும் செக்கர்ஸ் செய்நிரலைப் பற்றி 1959 இல் எழுதினார். 1997 இல் அதே நிறுவனத்தின் டீப் புளூ கணினி உலகச் சதுரங்கச் சம்பியன் கரி கஸ்பரோவை வென்றது. 2016 மார்ச்சில் டீப்மைன்ட் நிறுவனத்தின் அல்பாகோ, கோ விளையாட்டின் தலைசிறந்த வீரர்களில் ஒருவரான தென்கொரியாவின் லீ செடோலை 4 - 1 என்ற கணக்கில் தோற்கடித்தது.

இவை யாவும் ஒரே நோக்கத்தைக் கொண்டவை. வெல்ல வேண்டும், அவ்வளவுதான். எதிரே இருந்த கஸ்பரோவ் ஆட்டத்தை இரசித்தாரா என்று டீப் புளூவை உருவாக்கியவர்கள் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கடையிலே காசு கொடுத்து ஒரு விளையாட்டை வாங்குபவர் தோற்பதற்காக அதனை வாங்குவதில்லை. விளையாட்டை உருவாக்குபவர் எதிராளியை வடிவமைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இவன் எவ்வளவு புத்திசாலி என்பதன்று. இவனுடன் ஆடுபவருக்கு என்ன நேர்கிறது என்பதே. இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையை அளித்த விளையாட்டு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே வெளிவந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.

நான்கு ஆவிகள் கற்பிக்கும் பாடம்

1980 இல் யப்பானின் நம்கோ நிறுவனம் வெளியிட்ட பக்-மேன் விளையாட்டை அறியாதவர் குறைவு. புதிர்ப் பாதையொன்றில் புள்ளிகளை விழுங்கியபடி ஓடும் மஞ்சள் வட்டத்தை நான்கு ஆவிகள் துரத்தும். இதனை வடிவமைத்த டோரு இவாடானி குழுவினரிடம் இருந்த கணினியின் ஆற்றல் இன்றைய கைப்பேசியோடு ஒப்பிடவும் இயலாத அளவுக்குச் சிறியது. ஆயினும் அந்த ஆவிகளுக்கு ஆளுக்கொரு குணம் இருப்பதாக விளையாடியவர்கள் அனைவரும் உணர்ந்தனர்.

அந்தக் குணங்கள் எவ்வாறு பிறந்தன என்று பார்த்தால் வியப்பே மேலிடும். பிளிங்கி என்னும் சிவப்பு ஆவி, பக்-மேன் நிற்கும் கட்டத்தையே குறிவைக்கும். பிங்கி என்னும் இளஞ்சிவப்பு ஆவி, பக்-மேன் பார்த்திருக்கும் திசையில் 4 கட்டங்கள் முன்னே உள்ள இடத்தைக் குறிவைக்கும். ஆகவே அது பதுங்கி மறிப்பது போலத் தோன்றும். இங்கி என்னும் நீல ஆவியின் குறி சற்றுச் சிக்கலானது. பக்-மேனுக்கு 2 கட்டங்கள் முன்னே ஒரு புள்ளியை எடுத்து, பிளிங்கியிலிருந்து அப்புள்ளிக்கு ஒரு கோடு கீறி, அதனை இருமடங்காக நீட்டினால் வரும் இடமே அதன் இலக்கு. கிளைட் என்னும் செம்மஞ்சள் ஆவி, 8 கட்டங்களுக்கு அப்பால் நிற்கும்போது பிளிங்கியைப் போலத் துரத்தும். அதற்குள் நெருங்கிவிட்டாலோ தனது மூலையை நோக்கித் திரும்பி ஓடிவிடும். ஒருவன் முரடன், ஒருவன் சூழ்ச்சிக்காரன், ஒருவன் கணிக்க முடியாதவன், ஒருவன் கோழை என்று நாம் காணும் நான்கு குணங்களும் நான்கு வரி விதிகளே.

இதனிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. ஆவிகள் எந்நேரமும் துரத்துவதில்லை. முதலாம் மட்டத்தில் அவை 7 செக்கன்கள் தத்தமது மூலைகளுக்குக் கலைந்து செல்லும், பின்னர் 20 செக்கன்கள் துரத்தும், மீண்டும் கலையும். மனிதரைத் தொடர்ந்து தாக்கிக்கொண்டே இருந்தால் அவர் மனம் தளர்ந்துவிடுவார் என்பதாலேயே அலை அலையாகத் தாக்கிப் பின்வாங்கும் முறையைக் கையாண்டதாக இவாடானி பின்னாளில் விளக்கியுள்ளார். நான்கு ஆவிகளும் ஒருமித்துத் தொடர்ந்து நெருக்கும் செய்நிரலை எழுதுவது கடினமன்று. அவ்வாறு எழுதியிருந்தால் அது கூடிய வல்லமையுள்ள எதிராளியாகவும் எவரும் விளையாட விரும்பாத விளையாட்டாகவும் இருந்திருக்கும். இங்கே பாட்டனார் மூச்சுவிட இடம் கொடுக்கின்றார்.

நிலைகளும் வழிகளும்

பக்-மேனில் நாம் காணும் துரத்தல், கலைதல், அஞ்சி ஓடுதல் என்பன செய்நிரலாளர்களால் நிலைகள் எனப்படுகின்றன. ஒரு பாத்திரம் ஒரு நேரத்தில் ஒரு நிலையிலேயே இருக்கும். குறித்த நிகழ்வொன்று நேர்ந்தால் மற்றொரு நிலைக்கு மாறும். களஞ்சியமொன்றின் காவலாளியை எடுத்துக்கொள்வோம். வழமையாக அவர் சுற்றி வருவார். சத்தம் கேட்டால் சந்தேக நிலைக்கு மாறுவார். ஆளைக் கண்டால் துரத்துவார். ஆள் மறைந்துவிட்டால் சிறிது நேரம் தேடுவார். கிடைக்காவிட்டால் பழைய இடத்திற்குத் திரும்புவார். இந்த ஐந்து நிலைகளையும் ஒரு தாளில் வட்டங்களாகவும் அவற்றுக்கிடையிலான மாற்றங்களை அம்புக்குறிகளாகவும் வரைந்துவிட்டால், செய்நிரலின் பெரும்பகுதி முடிந்துவிட்டது எனலாம். இது நிலைப்பொறி எனப்படுகின்றது. மாணவர் ஒருவர் முதலில் கற்க வேண்டியது இதுவே.

அடுத்தது வழி தேடல். துரத்தும் காவலாளி சுவர்களையும் வேலிகளையும் சுற்றி எவ்வாறு இலக்கை அடைவார்? இதற்குரிய அடிப்படைப் படிமுறையை ஒல்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்டார். புறப்பட்ட இடத்திலிருந்து அண்மையில் உள்ள இடங்களை முதலிலும் தொலைவில் உள்ளவற்றைப் பின்னரும் ஒழுங்காக ஆராய்ந்து செல்வதே அதன் சாரம். அது மிகக் குறுகிய வழியை நிச்சயம் தரும். ஆயினும் வீண்வேலையும் செய்யும். வவுனியாவிலிருந்து கண்டிக்கு வழி தேடுபவர், கண்டியை அடைவதற்கு முன்னர் கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் செல்லும் வீதிகளையும் ஆராய்ந்து முடிப்பதைப் போன்றது அது. அவை கண்டியை விட வவுனியாவுக்கு அண்மையில் இருப்பதே காரணம்.

1968 இல் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பேர்ட்ரம் ரபேல் ஆகிய மூவரும் இதனைச் செம்மைப்படுத்தினர். ஷேக்கி என்னும் நடமாடும் ரொபோவுக்கு வழிகாட்டுவதற்கான ஆய்வின்போதே அது பிறந்தது. இதுவரை கடந்த தூரத்துடன், இனிமேல் கடக்க வேண்டியிருக்கும் தூரத்தின் மதிப்பீட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை குறைந்த இடத்தையே அடுத்ததாக ஆராய வேண்டும் என்பது அவர்களது யோசனை. கிளிநொச்சி வவுனியாவுக்கு அண்மையில் உள்ளதாயினும் அங்கிருந்து கண்டிக்கு நேர்கோட்டுத் தூரம் அதிகம். ஆகவே அது பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படும். மதிப்பீடு உண்மையான தூரத்தை விடக் கூடாமல் இருக்கும் வரை, கிடைக்கும் வழி மிகக் குறுகியதாகவே இருக்கும் என்பதையும் அவர்கள் நிறுவினர். ஏ-ஸ்டார் என்று அழைக்கப்படும் இப்படிமுறை இன்றளவும் விளையாட்டுகளில் வழிதேடலின் முதுகெலும்பாக விளங்குகின்றது. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இதனை ஒரு சதுரக்கோட்டுத் தாளில் பென்சிலால் செய்து பார்த்து ஒரே நாளில் விளங்கிக்கொள்ள இயலும்.

முன்னோக்கிப் பார்த்தல்

ஆடுபுலி ஆட்டம், சதுரங்கம் முதலிய பலகை விளையாட்டுகளுக்கு வேறொரு நுட்பம் தேவை. நான் இவ்வாறு நகர்த்தினால் அவர் எவ்வாறு நகர்த்துவார், அதற்கு நான் என்ன செய்வேன் என்று கிளை கிளையாக விரியும் சாத்தியங்களை ஆராய்வது அது. எதிராளி எப்போதும் தனக்குச் சிறந்ததையும் எனக்குக் கேடானதையுமே தெரிவு செய்வார் என்று கொண்டு, அந்நிலையிலும் எனக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த நகர்வைத் தேட வேண்டும். மினிமக்ஸ் எனப்படும் இம்முறையையே ஷனன் தமது 1950 ஆம் ஆண்டுக் கட்டுரையில் சதுரங்கத்திற்குப் பயன்படுத்தினார்.

மூன்றுக்கு மூன்று கட்டங்களில் புள்ளடியும் வட்டமும் இடும் சிறுவர் ஆட்டத்தில், 9 கட்டங்களையும் நிரப்பக்கூடிய ஒழுங்குகள் 362,880 மாத்திரமே. கணினி அவை அனைத்தையும் நொடிப்பொழுதில் ஆராய்ந்துவிடும். சதுரங்கத்திலோ சாத்தியமான ஆட்டங்களின் எண்ணிக்கை, 1 இன் பின்னே 120 பூச்சியங்கள் இட்டால் வரும் எண் என ஷனன் மதிப்பிட்டார். ஆகவே குறித்த ஆழம் வரையே பார்த்து, அங்குள்ள நிலைமைக்குப் புள்ளியிட்டு முடிவு செய்ய வேண்டும். பயனற்ற கிளைகளை வெட்டிவிடவும் வேண்டும்.

இங்கேதான் மாணவர்கள் வழமையாகத் தடுக்கி விழுகின்றனர். தமது செய்நிரல் வெல்லத் தொடங்கியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுகின்றனர். உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பமாகின்றது. வெல்ல முடியாத எதிராளியை எவ்வாறு பலவீனப்படுத்துவது? இடையிடையே எழுமானமாக ஒரு பிழையான நகர்வைச் செய்யச் சொல்வது இலகு. ஆனால் மிகச் சிறப்பாக ஆடிக்கொண்டிருந்த எதிராளி திடீரென்று முட்டாள்தனமாக நகர்த்தினால், அது வேண்டுமென்றே செய்யப்பட்டதென ஆடுபவருக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பதிலாக, 6 நகர்வுகள் முன்னே பார்க்கும் பொறியை 2 நகர்வுகள் மாத்திரம் பார்க்கச் செய்யலாம். அப்போது அது மனிதர் விடும் பிழைகளைப் போன்ற பிழைகளையே விடும். முன்யோசனை உள்ளவர் அதனை மடக்கலாம். இவ்வாறு தோற்கக் கற்பிப்பது, வெல்லக் கற்பிப்பதை விட நுட்பமான கலை.

புத்திசாலித்தனமும் அதன் தோற்றமும்

2005 இல் அமெரிக்காவின் மொனொலித் நிறுவனம் பியர் என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் வரும் எதிரிச் சிப்பாய்கள் மறைவிடம் தேடியும் சுற்றி வளைத்தும் போரிடும் விதம் அக்காலத்தில் பெரிதும் வியக்கப்பட்டது. அதன் செயற்கை நுண்ணறிவை உருவாக்கிய ஜெப் ஓர்க்கின், 1971 இல் ரிச்சர்ட் பைக்ஸ், நில்ஸ் நில்சன் ஆகியோர் வகுத்த ஸ்ட்ரிப்ஸ் என்னும் திட்டமிடல் முறையை அடிப்படையாகக் கொண்டார். பல நிலைகளை எழுதிக் குவிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு செயலுக்கும் அதன் முன்நிபந்தனையையும் விளைவையும் குறித்துக் கொடுத்தார். இலக்கை அடையச் செயல்களை எவ்வரிசையில் கோப்பது என்பதைச் சிப்பாயே தேடிக்கொள்ளும். அந்தத் தேடலுக்குப் பயன்பட்டதும் ஏ-ஸ்டார் படிமுறையே. நில்சன் ஷேக்கி ரொபோவுக்காகப் பங்களித்த இரு யோசனைகள், 30 ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு விளையாட்டிலே கைகோத்தன.

எனினும் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறு. சுற்றி வளைத்துத் தாக்கு என்றொரு கட்டளை அச்சிப்பாய்களுக்கு வழங்கப்படவில்லை. ஒவ்வொருவரும் தமக்குப் பாதுகாப்பான மறைவிடத்தைத் தேடி நகர்ந்ததே சுற்றி வளைப்பது போலத் தோன்றியது. அத்துடன் சிப்பாய்கள் ஒருவரோடொருவர் கூவிப் பேசுவார்கள். மேலும் ஆட்கள் தேவை என்று ஒருவன் கூவுவான். உண்மையில் எவரும் அழைக்கப்படுவதில்லை. ஆனால் ஆடுபவர் அடுத்த மூலையில் வேறு சிப்பாய்களைக் காணும்போது, அழைப்பை ஏற்று வந்தவர்கள் என்றே நம்பிவிடுவார். 2001 இல் வெளிவந்த ஹேலோ விளையாட்டை உருவாக்கியோரும் இத்தகைய அனுபவத்தைப் பதிவு செய்துள்ளனர். எதிரிகளின் அறிவை மாற்றாமல், இலகுவில் வீழாதவாறு அவர்களின் தாங்கும் சக்தியை மாத்திரம் கூட்டியபோது, சோதனைக்கு விளையாடியவர்களில் முன்னரை விடக் கூடுதலானோர் எதிரிகளைப் புத்திசாலிகள் என மதிப்பிட்டனர். தன் திறமையைக் காட்டுவதற்கு முன் இறந்துவிடும் எதிரி எவ்வளவு அறிவாளியாயினும் அது எவருக்கும் தெரிவதில்லை.

ஆகவே இத்துறையைக் கற்பவர் கணினியை மட்டுமன்றி மனிதரையும் கற்க வேண்டியுள்ளது. 2008 இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட லெப்ட் போர் டெட் விளையாட்டில் நெறியாளர் எனப்படும் ஒரு செய்நிரல் உண்டு. அது எந்தப் பாத்திரத்தையும் ஆட்டுவிப்பதில்லை. ஆடுபவர்கள் எவ்வளவு நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளனர் என்பதை அளந்து, உச்சத்தை அடைந்ததும் எதிரிகளை நிறுத்தி ஓய்வு கொடுக்கும். பின்னர் மீண்டும் அனுப்பும். பக்-மேனின் 7 செக்கன் ஓய்வே இங்கு ஆளறிந்து கொடுக்கப்படுகின்றது.

தானாகக் கற்கும் பொறிகள்

இன்று அனைவரும் பேசுவது தானாகக் கற்கும் பொறிகளைப் பற்றியே. டீப்மைன்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட கட்டுரையில், திரையில் தெரியும் படத்தையும் புள்ளிகளையும் மாத்திரம் கொண்டு 49 அட்டாரி விளையாட்டுகளைத் தானே கற்ற செய்நிரலை விவரித்தனர். செய்து பார்த்து, வெகுமதி கிடைத்தால் அச்செயலை வலுப்படுத்திக்கொள்ளும் இம்முறை வலுவூட்டல் கற்றல் எனப்படுகின்றது.

இதன் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதிலுள்ள இடரை 2016 இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட உதாரணம் ஒன்று நன்கு புலப்படுத்துகின்றது. படகோட்டப் போட்டி விளையாட்டொன்றில் புள்ளிகளைக் கூட்டுவதே வெகுமதி எனப் பொறிக்குச் சொல்லப்பட்டது. அது போட்டியை முடிக்கவே இல்லை. ஒரு குடாவுக்குள் வட்டமிட்டு, மீண்டும் மீண்டும் தோன்றும் இலக்குகளை மோதிப் புள்ளிகளைக் குவித்தது; படகு தீப்பற்றியபோதும் அது நிறுத்தவில்லை. பொறி தவறு செய்யவில்லை. சொன்னதைச் செய்தது. சொன்னவர்களே தாம் விரும்பியதைச் சொல்லத் தவறிவிட்டனர்.

2022 இல் சோனி நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு, கிரான் டுரிஸ்மோ காரோட்ட விளையாட்டில் உலகின் முன்னணி வீரர்களை வென்ற சோபி என்னும் பொறியைப் பற்றி நேச்சர் சஞ்சிகையில் எழுதியது. வேகத்தைக் கற்பித்தது மாத்திரம் அதற்குப் போதவில்லை. பிறர் வாகனத்தை மோதுவதற்குத் தண்டப்புள்ளி வைத்து ஓட்டப் பண்பையும் கற்பிக்க வேண்டியிருந்தது. 2023 பெப்ரவரியில் பொதுமக்கள் அதனுடன் போட்டியிட வாய்ப்பளிக்கப்பட்டபோது, ஆடுபவரின் தரத்திற்கேற்ப அதன் வல்லமை படிப்படியாக வகுக்கப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய தொழில்நுட்பமும் இறுதியில் பாட்டனாரின் திண்ணைக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

எங்கே தொடங்குவது?

ஆகவே இத்துறையைக் கற்க விரும்பும் மாணவர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். வரலாறு சென்ற ஒழுங்கிலேயே கற்றலும் செல்லட்டும். எமது நாட்டில் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்பவர்கள் பைதன் மொழியின் அடிப்படையை வகுப்பறையிலேயே பெறுகின்றனர். அது போதுமான தொடக்கம். முதலில் ஒரு புதிர்ப் பாதையும் அதில் அலையும் ஓர் ஆவியும். பின்னர் அதற்கு நிலைகள். அதன் பின்னர் ஏ-ஸ்டார். அடுத்து ஆடுபுலி ஆட்டத்துக்கு மினிமக்ஸ். அதன் பின்னரே திட்டமிடலும் வலுவூட்டல் கற்றலும். ஆடுபுலி ஆட்டத்தை நாம் குறிப்பிடுவது பழம்பெருமைக்காக அன்று. இரு தரப்பினருக்கும் வெவ்வேறு படைகளும் வெவ்வேறு இலக்குகளும் உள்ள அவ்வாட்டத்தில், ஒரு நிலைமைக்கு எவ்வாறு புள்ளியிடுவது என்பதை மாணவரே சிந்திக்க வேண்டியிருக்கும்.

இதற்குச் சாதாரண கணினி ஒன்று போதும். கோடொட் என்னும் விளையாட்டு உருவாக்க மென்பொருள் இலவசமாகவும் திறந்த மூலமாகவும் கிடைக்கின்றது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகம் தனது செயற்கை நுண்ணறிவு அறிமுகப் பாடநெறியில் பக்-மேனையே பயிற்சிக் களமாகக் கொண்டுள்ளது. அப்பயிற்சிகள் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியவாறு உள்ளன. இவற்றை அறியாமல் கடன்பட்டுக் கட்டணம் செலுத்தச் செல்லும் பெற்றோர், பிள்ளை ஒரு சிறு விளையாட்டையாவது தானே ஆக்கி முடிக்கும் வரை பொறுத்திருப்பது நன்று.

இன்று வேறொரு குறுக்கு வழியும் திறந்துள்ளது. உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டால், ஏ-ஸ்டார் படிமுறையைச் சில நொடிகளில் எழுதித் தந்துவிடும். அதனைப் பயன்படுத்தக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பக்-மேனில் நேர்ந்த ஒரு சிறு தவறை இங்கு நினைவூட்ட வேண்டும். பக்-மேன் மேல்நோக்கிப் பார்க்கும்போது, பிங்கியின் குறி 4 கட்டங்கள் மேலே மாத்திரமன்றி 4 கட்டங்கள் இடப்புறமாகவும் விலகிவிடும். கணக்கீட்டில் நேர்ந்த பிழையே அதற்குக் காரணம். விளையாட்டு நிற்கவில்லை, பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆவி சற்று வேறிடம் நோக்கி ஓடியது, அவ்வளவே. இத்தகைய பிழையைக் காண வேண்டுமாயின், ஆவி எங்கே செல்ல வேண்டும் என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தானாக எழுதப்பட்ட செய்நிரலைப் பெற்றுக்கொண்டவர், அது ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்க இயலும். சரியாக ஓடுகிறதா என்பதை ஒரு முறையாவது தன் கையால் எழுதிப் பார்த்தவரே அறிவார்.

இறுதியாக ஒரு பொறுப்பைப் பற்றியும் கூறியாக வேண்டும். ஆடுபவரின் மனநிலையை அளந்து அதற்கேற்ப எதிராளியை அமைக்கும் கலை, இன்பம் தருவதற்குப் பயன்படுவது போலவே பணம் பறிப்பதற்கும் பயன்படலாம். 2017 ஒக்டோபரில் அமெரிக்காவின் அக்டிவிஷன் நிறுவனம், ஆடுபவரை விளையாட்டுக்குள் பொருட்களை வாங்கத் தூண்டும் விதத்தில் எதிராளிகளைச் சோடி சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. அம்முறை எந்த விளையாட்டிலும் பயன்படுத்தப்படவில்லை என்று நிறுவனம் கூறியது. ஆயினும் அப்படியொரு முறையைச் சிந்திக்க முடிந்திருக்கின்றது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. கைப்பேசியில் பிள்ளைகள் மணிக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும் இக்காலத்தில், எதிராளியை வடிவமைப்பவருக்கு அப்பிள்ளையின் நேரத்தின் மீதும் மனத்தின் மீதும் அதிகாரம் உண்டு.

திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டனாருக்கு ஆட்டம் தெரியும். எதிரே இருக்கும் பிள்ளையையும் தெரியும். அப்பிள்ளை வளர வேண்டும் என்ற அக்கறையும் இருந்தது. பொழுது சாய்ந்ததும், போதும், போய்ப் படி என்று ஆட்டத்தைக் கலைத்துவிடவும் அவருக்குத் தெரிந்திருந்தது. முதலாவதைப் படிமுறைகளாக எழுதிவிடலாம். இரண்டாவதை ஓரளவுக்கு அளந்துவிடலாம். மூன்றாவது, செய்நிரலை எழுதுபவர் தம்முடன் கொண்டுவர வேண்டியது.